தேவசிநேகத்துக்கு ஒரு நோட்டு

ஜூன் மாதம் என்றால் உங்களுக்கு என்ன நினைவு வருமோ, எனக்குப் புது நோட்டின் வாசம்தான் வரும். பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த மாதம், சேசுவின் திரு இருதய வணக்க மாதமும் அதுவே என்பதால், கணக்குக்கும் தமிழுக்கும் போக மிஞ்சிய பழைய தாள்களைத் தைத்து, தேவசிநேகத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் உபதேசியார். ஒரு நற்செயலுக்கு ஒரு கோடு. சிறுமலர் தெரேசம்மாள் சிறுமியாக இருந்தபோது தன் ஒறுத்தல்களை மணிகோத்த கயிற்றில் எண்ணினாராம். 1925-இல் புனிதையே ஆகிவிட்டார். கயிற்றுக்கே அந்தப் பலன் என்றால் நோட்டுக்கு எவ்வளவு இருக்கும் என்று 1962-இல், ஒன்பது வயதில், நான் கணக்குப் போட்டேன்.

தம்பிக்குக் கமர்கட்டில் பாதி கொடுத்தால் ஒரு கோடு. அவன் அழுது பிடுங்கிக்கொண்டாலும் கோடு கோடுதான். கோடு குறைந்த நாட்களில் ஊருணிக்கரையில் காத்திருந்து, வேண்டாம் வேண்டாம் என்ற ஒரு பாட்டியின் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கிச் சுமந்து, பாதிவழியில் போட்டும் உடைத்தேன். அதற்கும் கோடு போட்டதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் முதல் வெள்ளி. பிரான்சில் பாரே-லெ-மோனியால் கன்னியர் மடத்தில், 1673 தொடங்கி மார்கரீத் மரியம்மாளுக்கு ஆண்டவர் தம் இருதயத்தைக் காட்டி, இவ்வளவு நேசித்தும் பதிலுக்கு நன்றிகேடுதான் கிடைக்கிறது என்று வருந்தினாராம். ஒன்பது மாதம் விடாமல் முதல் வெள்ளிப் பூசையில் நன்மை வாங்குகிறவர்களுக்கு நல்ல மரணம் உறுதி என்று அங்கிருந்து வந்த வாக்குறுதி மட்டும்தான் எங்கள் மண்டையில் ஏறியது. பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894-இல் எழுந்த இடைக்காட்டூர்க் கோயிலுக்கு விடியுமுன்னே அப்பத்தாவின் கைபிடித்து நடப்பேன். எட்டு மாதம் முடித்து, ஒன்பதாவது வெள்ளியன்று இருட்டில், சட்டைப்பைக்குள் கிடந்த கடலைமிட்டாய் என்னை வென்றது. நன்மைக்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிடாதிருந்தால் போதும் என்று 1957-இலேயே பாப்பரசர் தளர்த்தியிருந்தும் அந்த ஓலை அப்பத்தாவுக்கு வந்து சேரவில்லை; அவருக்கு நடுச்சாமத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் கிடையாது. நான் ரோமாபுரிக் கணக்கிலும் தவறினேன், அப்பத்தா கணக்கிலும் தவறினேன்; மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்கினேன். 1964-இல் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தபோது, அந்தக் கடலைமிட்டாய்க்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பிறகு எல்லாம் மாறிற்று. பூசை திருப்பலி ஆயிற்று, நன்மை நற்கருணை ஆயிற்று, தேவசிநேகம் இறையன்பு ஆயிற்று. நல்ல தமிழ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் சிநேகம் என்ற சொல்லில் தோளில் கைபோட்டுக்கொள்கிற ஓர் உரிமை இருந்தது. திரு இருதயப் படத்துக்கு முன் எரிந்த அகல், சிவப்புப் பல்பாகி, இப்போது ஏழு நிறத்தில் கண்சிமிட்டும் சீரியல் செட்டாகியிருக்கிறது. காலையில் கண்விழிக்குமுன் வாட்ஸ்அப்பில் நாலைந்து திரு இருதயங்கள் வந்துவிடுகின்றன; படுத்தபடியே எல்லோருக்கும் ஆமென் போட்டு, அன்றைய பிறர்சிநேகத்தை முடித்துக்கொள்கிறேன். நோட்டு இருந்திருந்தால் ஒரே வாரத்தில் நிரம்பியிருக்கும்.

2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த இருதயத்தைப் பற்றியே எழுதிய சுற்றுமடலையும் அதே கைப்பேசியில்தான் படித்தேன். எந்தக் கணினிச் சூத்திரத்துக்கும் எட்டாதவை என்று அவர் சொல்லும் சின்ன விஷயங்களில், வீட்டில் அம்மாவோ பாட்டியோ பலகாரம் செய்யும்போது முள்கரண்டியால் அதன் ஓரத்தை அழுத்தி ஒட்டிய பிள்ளைப்பருவ நினைவும் ஒன்று. அந்த இடத்தில் எனக்கு அப்பத்தாவின் பிடியரிசிப் பானை கேட்டது. ஆமாம், கேட்டது; உலையில் போடுமுன் ஒரு பிடி அள்ளி, இல்லாத வீட்டுக்கென்று அந்த மண்பானையில் போடுவார், சரசரவென்று ஒரு சத்தம். "அப்பத்தா, இதுவரைக்கும் எத்தன பிடி?" என்று ஒருநாள் நோட்டும் பென்சிலுமாக நின்றேன். "அதெல்லாம் யாருக்குய்யா தெரியும், தள்ளு, உல கொதிக்குது" என்றார்.

இப்போது கோயில் வாசலில் காணிக்கைக்கு க்யூஆர் அட்டை. பணம் போய்ச் சேர்ந்ததைக் கைப்பேசி ஊருக்கே கேட்க அறிவிக்கிறது. முதல்முறை அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து, குக்கருக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். போட்டுவைக்கப் பானை இல்லை. சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்பக் குக்கரிலேயே போட்டேன்.

பழைய நோட்டு கையில் இருந்திருந்தால், இதற்கும் அரைக்கோடு போட்டிருப்பேன்.