கோட்டு, கடுக்கன், தோடி

எங்கள் பூலாம்பாடிப் பக்கம் திருவிழாவில் இரண்டு ஆர்கெஸ்ட்ரா எதிரெதிரே மேடை போட்டால் என்ன நடக்கும்? பாட்டைத் தவிர எல்லாம் நடக்கும். யாருடைய ஸ்பீக்கர் பெட்டி உயரம் என்பதுதான் போட்டி. விடியும்போது ஜெயித்திருப்பவர் ஜெனரேட்டர்காரர்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரவுன் என்று ஒரு சோல் பாடகர் இருந்தார். பாடிக்கொண்டே முழங்காலில் சரிவார். ஓர் ஆள் ஓடிவந்து பொன்னாடை மாதிரி ஒன்றைப் போர்த்திக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார். பாதி வழியில் அதை உதறிவிட்டு மறுபடி மைக்குக்கு ஓடிவருவார். ஊர் ஊராக, மேடைக்கு மேடை இதே மயக்கம்! தப்பாக வாசித்த பக்கவாத்தியத்துக்கு அபராதம் வேறு.

அவருக்கு முன்பே நம்மிடம் ஒருவர் இருந்தார். பொன்னாடையை மட்டும் உதறமாட்டார்.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அந்தக் காலத்து மேளக்காரர் குடுமியும் வெற்று மார்புமாக நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் ஊத வேண்டும். பெரிய மனிதர் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். நம்மாள் குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். ஷெர்வானி, ஷூ, காதில் வைரக் கடுக்கன். பாட்டுக் கச்சேரிக்காரர் உட்காரலாம், நாயனம் உட்காரக் கூடாதா என்று மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேவிட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார், நாயனக்காரர் யார் என்று கொஞ்சம் குழம்பித்தான் இருப்பார்கள்.

பட்டம்? சாதாரணமாக ஒன்றும் இல்லை, ‘நாதஸ்வரச் சக்கரவர்த்தி’தான்.

சினிமா சும்மா விடுமா! 1940-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேக’த்தில் இவர்தான் ஹீரோ. செருக்குக்கும் வசைக்கும் பேர்போன புலவர் வேஷம். நடிக்கவே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஒன்று. கீச்சென்று உச்சத்தில் கத்தும் குட்டை நாயனமான திமிரிதான் அன்றைக்கு எல்லோர் கையிலும். இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிய மனுஷன் எடுத்ததோ சுருதி தாழ்ந்த, நீளமான பாரி. நரசிங்கம்பேட்டை ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தது. அதில் மணிக்கணக்காகத் தோடி ராகம்! போட்டியில் ஜெயிக்கச் சுருதியைத் தாழ்த்திய ஷோமேன் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

‘என்ன திமிர்’ என்று முணுமுணுத்தவர்களும் பிற்பாடு கிராப் வைத்தார்கள், மேடையில் உட்கார்ந்தார்கள், பாரிக்கு மாறினார்கள். திமிரி இன்றைக்குத் தேடினால்தான் கண்ணில் படும்.

ஆர்கெஸ்ட்ரா தம்பிகளே, அடுத்த திருவிழாவுக்கு இன்னொரு பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை ஒருதரம் கேட்டுவிடுங்கள். ஜெனரேட்டர்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.