ஒன்றும் நடக்காததும் விடைதான்

கேள்வி: மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் என்ன ஆகும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகு எதற்குப் பிள்ளைகள் ஆய்வகத்தில் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பதில்: பந்தியில் என்னென்ன பரிமாறுவார்கள் என்று தெரிந்துவிட்டால், கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமலா இருந்துவிடுகிறோம்?

‘செம்பு படியும்’ என்று புத்தகம் இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளும். சோதனைக் குழாய்க்கு அந்த அவசரம் கிடையாது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த ஆணியில் முதலில் செம்பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். பிறகு கரைசலின் நீலம் மெல்ல வெளுத்து, இளம்பச்சை தட்டும். இரும்பு கரைசலுக்குள் இறங்க, செம்பு வெளியே வருகிறது. துருப்பிடித்த ஆணியை அப்படியே போட்டவனுக்குச் செம்பு சரியாகப் படியாது. ஏன் என்று அவனே கேட்பான். அந்தக் கேள்விக்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

அடுத்து, இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போடச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது. பல பிள்ளைகள் சோதனை தோற்றுவிட்டது என்று பயந்து, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். செம்பைவிட இரும்பு வினைத்திறன் மிக்கது என்பதற்கு அந்த ‘ஒன்றும் நடக்கவில்லை’தானே சாட்சி! அதை எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

மயில்துத்தம் நஞ்சு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.