படுவான்கரைக்கு ஒரு கப்பல்

மாவடிப்பள்ளியில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் போனை நீட்டினான். சன்டோரினித் தீவாம். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், ஓயா கிராமத்தில் அந்திச் சூரியனைப் பார்க்க நெரிபடும் சனம். ஏதன்ஸ் பக்கத்துத் துறையிலிருந்து ஃபெரியில் போக 5 முதல் 8 மணித்தியாலம். உல்லாசக் கப்பலில் வந்து இறங்கினால், 2025 ஜூலையிலிருந்து, நெரிசல் காலத்தில் தலைக்கு 20 யூரோ வரி.

“பொழுது படுறதப் பாக்கவும் காசா?” என்றேன்.

கல்முனையைத் தாண்டிக் குருமண்வெளிக்குப் போனால் மட்டக்களப்பு வாவியில் ‘பாதை’ நிற்கும். மிதக்கிற அந்த இரும்புத் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாலம் போடாத இடத்தில் பெயரையாவது போட்டிருக்கிறோமே! மோட்டர் சைக்கிள், நெல்மூட்டை, குடை பிடித்த டீச்சர் எல்லாம் ஒரே தட்டில் மண்டூர்ப் பக்கம் போகும். அந்தக் கரைக்குப் பெயர் படுவான்கரை. சூரியன் படுகிற கரை. ஒரு பிரதேசத்துக்கே அந்தியைப் பெயராக வைத்துவிட்டு, செல்பிக்கு ஆளில்லாமல் இருக்கிறோம்.

மச்சான் யோசித்தான். “அங்கால வெள்ளைச் சுவர் இரிக்கா?”

“நெல் ஆலைச் சுவர் இரிக்கி. சுண்ணாம்பு நீதான் அடிக்கணும்.”