நாரத்தங்காய்ச் சுருள்: வடிவியல், உவரியல் நோக்கில் ஓர் ஆய்வு

கசக்கும் தோலை எப்படித் தின்பது என்ற கேள்விக்கு உலகம் இரண்டு விடைகள் கண்டிருக்கிறது. ஒன்று சர்க்கரையும் அடுப்பும். அதன் பெயர் மார்மலேட். மற்றது உப்பும் வெயிலும்; அதன் பெயர் நாரத்தங்காய். முன்னதைப் பற்றி நூல்கள் உண்டு. பின்னது மயிலாடுதுறை மொட்டைமாடிகளில் ஆண்டுதோறும் நிகழ்ந்தும், ஆய்வுலகின் கண்ணுக்குத் தப்பி, காக்கையின் கண்ணில் மட்டும் பட்டுவருகிறது.

பெயராராய்ச்சி முதலில். எழுத்தில் நாரத்தங்காய், பேச்சில் நார்த்தங்காய். வடமொழி நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நராங்ஹா எல்லாம் ஒரே குடும்பம். மூலவேர் திராவிட மொழியொன்றில் இருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. மேற்கே போன சொல் வழியில் முதலெழுத்தைத் தொலைத்துவிட்டு, ஆரஞ்சு என்ற பெயரோடு கப்பலேறித் தமிழுக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் நின்ற நாரத்தைக்கு அதை அடையாளம் தெரியவில்லை. மார்மலேட்டின் கதை இன்னும் மோசம். போர்த்துகீசிய மொழியில் மார்மெலோ என்பது சீமைமாதுளை. இன்றைய ஆரஞ்சு மார்மலேட்டில் அது மருந்துக்கும் இல்லை. இதற்கு மாயவரத்துக்காரர் சிரிக்கலாகாது. நாரத்தை இலை, எலுமிச்சை இலை, மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்த உருண்டைக்குத் தஞ்சை வட்டாரத்தில் வேப்பிலைக்கட்டி என்று பெயர். அதில் ஒரு வேப்பிலைகூடக் கிடையாது. (மாயவரம் என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை: பேச்சில் மாயவரம் எனப்பட்ட மாயூரம் 1982-இல் அரசாணைப்படி மயிலாடுதுறை ஆயிற்று. நாரத்தங்காய் போடுகிறவர்கள் இன்னும் மாயவரத்தில்தான் வசிக்கிறார்கள்.)

அடுத்தது வடிவியல். காயை மேலிருந்து கீழாகச் சுண்டுவிரல் அகலத்துக்கு, அறுந்துபோகாமல், ஒரே நாடாவாகச் சுற்றி அரிய வேண்டும். இழுத்தால் வில்சுருள் போல நீளும். விட்டால் மறுபடி காயாகிவிடும். இந்த வடிவம் இங்கே தோன்றியதற்கு அரிவாள்மணையே காரணம் என்று கருத இடமுண்டு. கத்தி புழங்கும் நாட்டில் பழம் சும்மா இருக்கும், கத்தி நகரும்; ஆகவே மார்மலேட்டுக்குத் தோல் கீற்றுக்கீற்றாக விழுகிறது. அரிவாள்மணையில் கத்தி சும்மா இருக்கும், காய் சுழலும். சுழல்வது சுருளாவதில் வியப்பில்லை. காயை நாலாகக் கீறி உப்படைப்போரும் உளர். அவர்களைச் சுருள் மரபினர் சோம்பேறிகள் என்பர். நாலு கீறல் மரபினரோ, சுவை ஒன்றுதானே என்பர். இந்த வழக்கு தீர்வதாக இல்லை.

உப்பின் அளவிலும் கருத்தொற்றுமை இல்லை. கிலோவுக்குக் கால் கிலோ கல்லுப்பு என்பது ஒரு கணக்கு. கண்ணளவு என்பது மற்றொன்று. முன்னதை எழுதி வைக்கலாம், பின்னதுதான் தவறுவதில்லை. சுருளுக்குள் உப்பை அடைத்து ஜாடியில் போட்டு, தினம் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். உப்பு தோலிலிருந்து நீரை வெளியே இழுக்கும். நாலைந்து நாளில் காய் தன் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கும். கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த உவர்நீரில் பிழைப்பில்லை. ஈரக்கை பட்டால் மட்டும் அவற்றுக்குத் தைரியம் வந்துவிடும். ஜாடியைத் தொடும் உரிமை வீட்டில் ஒருவருக்கு மட்டுமே வழங்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பிறகு வெயில். பகலில் சுருள்கள் மாடியில் காயும்; இரவில் அதே உப்புநீருக்குத் திரும்பும். நீர் முழுவதும் உள்ளே இழுபடும்வரை இப்படிப் போக்குவரத்து நடந்தபின், சருகாகக் காயவிடுவர். மாசி, பங்குனி, சித்திரை உகந்தவை. ஊருக்குப் பெருமை தேடித்தரும் ஐப்பசி இதற்கு உதவாது. காவிரித் துலாக்கட்டத்தில் கடைமுக நீராடலுக்குக் கூட்டம் நெரியும் நாட்களில் வடகிழக்குப் பருவமழையும் தவறாமல் நீராட வந்துவிடும்.

மார்மலேட்டின் செய்முறையை ஒப்பீட்டுக்காகச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்பெயினின் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சு, கிலோவுக்கு இரண்டு கிலோ சர்க்கரை, 104 டிகிரி செல்சியஸ் வரை கொதி. விதையிலும் வெள்ளைச் சதையிலும் உள்ள பெக்டின் அதை இறுகச் செய்யும். அதற்காக விதைகளைத் துணியில் முடிந்து உடன் வேகவிடுவர். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் 1797 முதல் கீலர் குடும்பத்தார் இதை வணிகமாக்கினர். மாயவரத்தார் இந்த வழியில் போகாததற்குச் சர்க்கரைப் பஞ்சம் காரணமன்று. பக்கத்துத் தலைஞாயிற்றில் கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருந்தது. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இனிப்பு வேண்டும், தயிர்சாதத்துக்கு உப்பு வேண்டும். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

புதிய சுருள் மஞ்சளாக, முரட்டுக் கசப்போடு இருக்கும். ஆண்டுகள் ஏற ஏறக் கறுத்து, கசப்பு ஒடுங்கும். பழையதற்கே மதிப்பு. அது காய்ச்சல்காரரின் கஞ்சிக்கும், மசக்கைக்காரியின் வாய்க்கும், தொலைதூர ரயில் பயணத்தின் தயிர்சாதப் பொட்டலத்துக்கும் என்று தனியே ஒதுக்கப்படும். ஒரு வேளைக்கு விரல்நுனி அளவு பிய்த்தால் போதும். சுருள்கள் தீர்ந்தபின் ஜாடியடியில் மிஞ்சும் கறுத்த உப்புத்தூள் நீர்மோருக்குப் போகும்.