கள்ளக்குறிச்சியில் சுறா பார்க்கலாம், வாங்க

கள்ளக்குறிச்சிக்காரருக்குச் சுறா என்றால் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் குழம்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி சுறாப்புட்டு. அதற்கு மேல் அந்த மீனோடு நமக்குச் சகவாசம் கிடையாது. கடலைப் பார்க்கவே கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டிய மாவட்டம் இது. இருப்பது கோமுகி அணை, மணிமுக்தா அணை, மலைமேல் கரியாலூரில் ஒரு படகுக் குழாம். அங்கே நாள் முழுக்க மிதிபடகு மிதித்தாலும் ஒரு கெளுத்தி எட்டிப் பார்க்காது.

ஆனாலும் சொல்கிறேன்: சுறா காட்டும் தொழிலில் உலகத்துக்கே பாடம் நடத்தும் தகுதி நம் மாவட்டத்துக்கு உண்டு.

தொழில் நடக்கும் விதம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் கான்ஸ்பாய் என்று ஒரு மீன்பிடி ஊர். பக்கத்தில் டயர் தீவு. அதை ஒட்டிய பாறையில் ஆயிரக்கணக்கில் கடல்நாய்கள். அவற்றைத் தின்ன வந்துகொண்டிருந்தது பெரிய வெள்ளைச் சுறா. படகின் விலாவில் ஓர் இரும்புக் கூண்டைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். கனத்த ரப்பர் உடுப்பு மாட்டிய ஐந்தாறு பேர் அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நிற்பார்கள். மேலே ஓர் ஆள் அரைத்த மீனும் மீனெண்ணெயும் கலந்த குழம்பை அள்ளிக் கடலில் ஊற்றிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் கயிற்றில் சூரைத் தலையைக் கட்டி வீசி இழுப்பார். வாசனை பிடித்துச் சுறா வந்ததும் 'கீழே, கீழே' என்று ஒரு கூச்சல். மூச்சை அடக்கித் தலையை முக்கினால் நாலு மீட்டர் மீன், வாய் நிறையப் பல், கைக்கெட்டும் தூரத்தில். அப்புறம் மேலே ஏறித் தலை துவட்டி, சூடாக எதையாவது குடித்து, படம் எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பலாம். ஏறும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்: எது நடந்தாலும் படகுக்காரர் பொறுப்பல்ல.

இந்த வியாபாரத்தின் உயிர் அந்தக் கூண்டில் இருக்கிறது. மீன் கொடியதாக இருக்க வேண்டும். பார்க்கிறவர்மேல் ஒரு கீறல் விழக் கூடாது. அதே தண்ணீரில் கூண்டில்லாமல் நிற்கிறவன் எவன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்குச் சுறா வந்தது 2024 ஜூன் 18. கூண்டில்லாமல் நின்றவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்களில் சிலர். டாஸ்மாக் குவார்ட்டரின் பாதி விலைக்குப் பாக்கெட்டில் கிடைத்த கள்ளச்சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள். உள்ளே இருந்தது மெத்தனால், ஆலைகளில் கரைப்பானாகப் புழங்கும் விஷம். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். குடித்த உடனே பயமுறுத்தாது. வழக்கமான போதைதான் என்று நம்ப வைக்கும். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள வைக்கும், கண்ணை இருட்டாக்கும். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை அடுக்கினார்கள்.

படகுகள் புறப்பட்டன.

எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி வந்தார். அமைச்சர் உதயநிதி வந்தார். கமல்ஹாசன் வந்தார். 2010-இல் 'சுறா' என்ற படத்திலேயே நடித்த அனுபவமுள்ள விஜய்யும் வந்தார். முதல்வர் ஸ்டாலின் வரவில்லை; மகனை அனுப்பிவிட்டுக் கரையிலிருந்தே கவலைப்பட்டார். முன்னால் சைரன், பின்னால் கார் வரிசை, சுற்றிலும் போலீஸ் கயிறு, அதையும் சுற்றித் தொண்டர்களின் தோள்கள். அடடா, என்ன உறுதியான கூண்டு! கான்ஸ்பாய்க்காரன் பார்த்தால் வெட்கப்பட்டுத் தொழிலை விட்டுவிடுவான். வார்டில் கட்டில் கட்டிலாக நின்று தலையை முக்கிப் பார்த்தார்கள். மூச்சு முட்டும் முன் மேலே வந்து மைக் முன்னால் நின்றார்கள். படம் எடுத்தாயிற்று, கரை திரும்பலாம்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது தமிழ் மரபுதானே என்பீர்கள். துக்கம் கேட்கப் போகிறவன் இருபது கேமராவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டான் ஐயா.

சுறா என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது 1975-இல் வந்த 'ஜாஸ்'. அதில் சுறாவைவிட எனக்குப் பிடித்த பாத்திரம் மேயர். கடற்கரைக்குக் கூட்டம் வரும் சீசன். ஒரு பெண்ணைச் சுறா கடித்துக் கொன்றுவிட்டது என்றால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே அந்தச் சாவு படகு விபத்தாகிவிடுகிறது. கடற்கரை திறந்தே இருக்கிறது. அடுத்த ஆளும் தண்ணீரில் இறங்குகிறான். வெறும் சினிமா என்று நினைத்திருந்தோம். கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் என்ன சொன்னது? கள்ளச்சாராயத்தால் செத்தார்கள் என்பது உறுதியாகவில்லை என்றது. வேறு நோய்கள் காரணமாக இருக்கலாம் என்றது. நிர்வாகமே இல்லை என்கிறபோது மிச்சமிருந்த பாக்கெட்டைக் கொட்டுவானா ஏழை? துக்கத்துக்கு வந்த இடத்தில் அதையே எடுத்துக் குடித்தவர்களும் உண்டு என்று அந்தத் தெருவே சொன்னது. மேயர் கெட்டிக்காரர், ஆனால் பாவம், ஹாலிவுட்டிலேயே இருந்துவிட்டார். இங்கே பிறந்திருந்தால் ஐ.ஏ.எஸ். ஆகியிருப்பார்.

அப்புறம் நடந்ததெல்லாம் நாமறிந்த சடங்கு. கலெக்டர் மாற்றம். எஸ்.பி. தற்காலிகப் பணிநீக்கம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம். சட்டமன்றத்தில் அ.தி.மு.க.வினரின் கறுப்புச் சட்டை, அமளி, கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம். அவர்களுக்குக் கறுப்பு நன்றாகவே பொருந்தியது. அவர்கள் ஆட்சியில் 2001-இல் பண்ருட்டிப் பக்கம் பிணம் விழுந்தபோது அந்தச் சட்டை சலவைக்குப் போயிருந்திருக்கும். ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள்: கள்ளச்சாராயம் காய்ச்சி விற்று உயிர் போனால் இனி ஆயுள் தண்டனை. ஓராண்டுக்கு முன், 2023 மே மாதம், மரக்காணத்திலும் மதுராந்தகம் பக்கத்திலும் இதே மெத்தனாலுக்கு 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது சட்டத்துக்குப் பல் முளைக்கவில்லை. பால்பல்லே விழவில்லை போலிருக்கிறது.

கடலில் குழம்பு ஊற்றியது யார் என்ற கேள்விக்கு வருவோம். கான்ஸ்பாய்ப் படகுக்காரர்களைக் கேட்டால், நாங்கள் தீனி போடுவதில்லை, வாசனை மட்டும்தான் காட்டுகிறோம் என்பார்கள். நம் ஊரில் அதற்கு மாமூல் என்று பெயர். கருணாபுரம் காட்டுக்குள் இல்லை. மாவட்டத் தலைநகருக்குள் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். பாக்கெட் எந்தச் சந்தில் கிடைக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். காக்கிக்கு மட்டும் தெரியவில்லை. மூக்கடைப்பு. வாரம் தவறாமல் கவனித்துக்கொண்டால் எந்த மூக்கும் அடைக்கும்.

மூக்கு திறக்கும் இடம் ஒன்று உண்டு: கல்வராயன் மலை. 'ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு' என்று செய்தியில் ஒரு படம் வருமே, பார்த்திருப்பீர்கள். ஓடையோரம் கவிழ்த்த பேரல். பக்கத்தில் விறைத்து நிற்கும் ஏழெட்டுப் போலீஸ். மண்ணில் ஓடும் வெல்லமும் பட்டையும் கலந்த தண்ணீர். மலையில் காய்ச்சுகிறவர்கள் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் ஊரைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் எந்த ஓடையோரப் பானையிலும் ஊறாது. அது கீழே, ஆலையில் பிறந்து, பில் போட்டு, டிரம்மில் ஏறி, செக்போஸ்ட் தாண்டி, தார் ரோட்டில் வருவது. ஆலையின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சங்கடம். மலையாளிப் பழங்குடியின் பேரலோடு எடுத்துக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். கருணாபுரத்தில் பிணம் விழுந்த மறுநாளும் டி.வி.யில் காட்டியது மலையைத்தான்.

அந்த மலையின் கதை தெரியுமா? நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கே மூன்று ஜாகீர்தார்கள் ராஜ்யம். வெள்ளைக்காரன் போன செய்தி மலையேறிச் சேர 1976 ஆயிற்று. அதன் பிறகு வந்த சர்க்கார் ரோட்டுக்கு முன்னால் ரெய்டை அனுப்பியது.

இனி ஒரு திமிங்கிலக் கதை. 2017-இல் கான்ஸ்பாய்க் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. உடம்பு கிடந்தது, ஈரல் மட்டும் இல்லை. ஓர்க்கா என்னும் திமிங்கில வகையில் இரண்டு ஆண்கள், போர்ட் என்றும் ஸ்டார்போர்ட் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், சுறாவை மடக்கி ஈரலை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போயின. அதன் பிறகு அந்தக் கடலில் வெள்ளைச் சுறாவைக் காண்பதே அரிதாகிவிட்டது. படகுக்காரர்கள் வேறு இனச் சுறாவைக் காட்டிப் பிழைக்கிறார்கள்.

ஈரல் மட்டும் தின்னும் பெரிய பிராணி ஒன்று நம்மிடமும் உண்டு. 1983-இல் பிறந்தது, 2003 முதல் தெருத்தெருவாகக் கடை வைத்திருக்கிறது. அவசரப்படாது, கண்ணைக் குருடாக்காது, ஒரே ராத்திரியில் அறுபது பேரை வாரிக்கொண்டு போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாது. பில் இல்லாவிட்டாலும் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஈரல். 2023-24-இல் அது கஜானாவுக்குக் கொண்டுவந்தது 45,855 கோடி ரூபாய். அதைப் பார்க்கக் கூண்டு வேண்டாம், படகு வேண்டாம். யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. சுறா வந்தால்தான் பரபரப்பு; திமிங்கிலம் பட்ஜெட்டில் இருக்கிறது. மதுவிலக்குச் சட்டத்திருத்த விவாதத்தில் மூத்த அமைச்சர் துரைமுருகன் எழுந்து, உழைத்துக் களைத்தவனுக்கு டாஸ்மாக் சரக்கின் கிக் போதவில்லை, அதனால்தான் கள்ளச்சாராயத்துக்குப் போகிறான் என்ற கருத்தில் பேசினார். நோயைக் கண்டுபிடித்துவிட்டார். செத்தவர்கள் உடம்பில் கோளாறில்லை, கோளாறு சரக்கின் தரத்தில். இனி கிக்குக்கு ஒரு துறை, அதற்கொரு மந்திரி.

மெக்சிகோ அரசு 2023 ஜனவரியில் குவாதலூப் தீவில் கூண்டுச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் சுறாவின் வாழ்க்கை கெடுகிறதாம். ஒரு மீனுக்கு இவ்வளவு மரியாதை. கருணாபுரத்தில் பறை அடங்குவதற்குள், அழுகிற பெண்ணின் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, உங்க மனநிலை எப்படி இருக்கும்மா என்று கேட்டவர்களுக்குத் தடை ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

இத்தனை பேர் பார்க்க ஆசைப்பட்ட விஷயத்தை சி.பி.ஐ.யும் பார்க்கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பர் 20 அன்று உத்தரவிட்டது. அதுவரை எல்லோரும் வந்து பார்ப்பதைப் பெருமையோடு பொறுத்துக்கொண்ட தமிழ்நாடு அரசுக்கு அப்போதுதான் கூச்சம் வந்தது. வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. டிசம்பர் 17 அன்று அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. தண்ணீருக்கு மேலே நின்று பார்ப்பது வேறு. அடியில் இறங்கிக் குழம்பு எந்த வாளியிலிருந்து வந்தது என்று துழாவுவது வேறு அல்லவா?

சாவுகளுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கு இன்னொன்றும் உண்டு: கல்வராயன் மலை மக்களுக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்பது. நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு அதை விசாரித்தபோது, முதல்வரோ அமைச்சர் உதயநிதியோ ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் அந்த மக்களுக்கு நல்லது நடக்கும் என்று சொல்ல வேண்டியிருந்தது. பிணத்தைப் பார்க்க யாருக்கும் யாரும் சொல்லவில்லை, தானாக வந்தார்கள். உயிரோடிருப்பவனைப் போய்ப் பார் என்று சொல்ல ஒரு ஹைகோர்ட் பெஞ்ச் உட்கார வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம். கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம். வெள்ளிமலை வரை கார் போகும்; பைலட் வண்டியும் போகும்; வழியில் அருவி பார்க்கலாம், கரியாலூரில் படகு விடலாம், இதுவரை வந்தவர்கள் பலரும் அதோடு திரும்பியவர்கள்தான். அதற்கப்பால் ஒற்றையடிப் பாதையில் ஊர்கள் இருக்கின்றன. அங்கே சைரன் வராது, கயிறு கட்ட இடம் கிடையாது, தொண்டர் படைக்கு மூச்சு வாங்கும். எதிரே மூங்கிலில் போர்வை கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தால் ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். அது உங்களை வரவேற்கக் கட்டிய பல்லக்கு அல்ல. உள்ளே பிரசவ வலியில் ஒருத்தி இருப்பாள்.