பட்டறையில் கிடைக்கும் 'ரத்தம்'

கேள்வி: அறிவியல் கண்காட்சியில் ரத்தம் உறைவதையும், உறையாமல் தடுப்பதையும் காட்ட ஆசை. நிஜ ரத்தம் கூடாது என்கிறார் டீச்சர். என்ன செய்ய?
– பிளஸ் ஒன் மாணவி, திருப்பூர்

பதில்: டீச்சர் சொல்வது சரி, கண்ணு. உனக்கான 'ரத்தம்' உங்க ஊர் பிரிண்டிங் பட்டறையிலேயே இருக்கிறது. ரியாக்டிவ் சாயத்தைக் குழம்பாக்க சோடியம் ஆல்ஜினேட் சேர்ப்பார்கள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் கரைத்து, சிவப்பு நிறம் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டு. பட்ட இடமெல்லாம் கட்டி தட்டும்.

இன்னொரு டம்ளரில் சோடியம் சிட்ரேட்டைத் தாராளமாகக் கலந்துவிட்டு, அதே அளவு சொட்டு. சிட்ரேட் கால்சியத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ளும், குழம்பு உறையாது. சிட்ரேட்டைக் கூட்டிக் குறைத்து டம்ளர்களை வரிசையாக வை, பார்ப்பவர்களுக்குப் பளிச்சென்று புரியும்.

பட்டறைக்காரருக்கு இது பழகிய தொல்லை. உப்புத்தண்ணியில் கால்சியம் அதிகம், பேஸ்ட் திரண்டுவிடும். அதைத் தடுக்கத்தான் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போடுகிறார்கள். நிஜ ரத்தம் உறையவும் கால்சியம் வேண்டும்; அதனால்தான் ரத்ததான முகாமில் தொங்கும் பைக்குள்ளும் முன்கூட்டியே சிட்ரேட் இருக்கிறது. 1914இல் பெல்ஜியத்தில் மருத்துவர் ஹுஸ்டினும் அர்ஜென்டினாவில் மருத்துவர் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த ரத்தத்தை மனிதருக்கு ஏற்றிக் காட்டினார்கள்.

ஒன்றை அட்டையில் பெரிதாக எழுதிவை: நிஜ ரத்தத்தை உறைய வைப்பது ஃபைப்ரின் என்ற புரத இழை, பாசி அல்ல. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், கல்லீரலில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் மருந்து. டம்ளரில் அதற்கு வேலையே இல்லை. அதனால் தாத்தாவின் மாத்திரை டப்பாவைத் தொடாதே.