நுனி ஆராய்ச்சி: ஆண்டர்சன்பேட்டையை முன்வைத்து சால்டரிங் அயர்ன் தேர்வியல்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தங்கத்தைப் பற்றியே எழுதித் தீர்த்துவிட்டார்கள். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்திறங்கியது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி எல்லாவற்றையும் மூடியது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அதே தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிற ஒருவர் கையைக் கடிக்காத விலையில் எந்த சால்டரிங் அயர்னை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்வது ஆய்வு நெறிக்கு அடுக்காது என்பார்கள். ஆனாலும் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பி நிற்பவரை முன்னிட்டுச் சொல்லிவிடலாம்: நாம் வாங்குவது அயர்ன் அல்ல, டிப். வாட், பிராண்டு, ரப்பர் பிடி, சிவப்பு விளக்கு எல்லாம் அந்த டிப்பைப் பிடித்துக்கொள்வதற்கான ஏற்பாடுகள். நுனிப்புல் மேய்வதைப் பழிக்கிற புலவர்கள் இந்த ஒரு துறையில் மட்டும் பொறுத்தருள வேண்டும்.

சைவ நூலான சிவஞான சித்தியார் பரபக்கத்தை முன்னும், தன் கொள்கையான சுபக்கத்தைப் பின்னும் வைத்தது. அந்த முறையில் மாற்றார் கொள்கையை முதலில் பார்த்துவிடுவோம். இத்துறையில் ஆள்பலம் மிக்கவர்கள் வாட் வாதிகள். 25 வாட் நல்லது, 35 அதனினும் நல்லது, 60 இருந்தால் யாருக்கும் அஞ்ச வேண்டாம் என்பது இவர்கள் சித்தாந்தம். இதை மறுக்கும் சான்று அயர்னின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. சில நூறு ரூபாய் அயர்னைப் பிரித்தால் மைக்காவின் மேல் சுற்றிய நிக்ரோம் கம்பி இருக்கும், வேறொன்றும் இருக்காது. 230 வோல்ட்டில் 25 வாட் தரும் கம்பியின் தடை ஏறத்தாழ 2,100 ஓம். திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அதே கம்பி 15 வாட்தான் தரும். 250-க்கு ஏறினால் 30 வாட்டை நெருங்கிவிடும். ஆக, கைப்பிடியில் அச்சடித்த 25 என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்ற வேண்டியது தெருமுனை டிரான்ஸ்பார்மர். தெருவே தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தில் 25 வாட் வாங்கியவர் கையில் இருப்பது 15 வாட் அயர்ன்தான்.

மின்சாரத்தைப் பற்றித் தங்கவயலுக்குப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் வந்து சேர்ந்த இடம் இந்தச் சுரங்கங்கள். பெங்களூருத் தெருவிளக்கு அதற்கு 3 ஆண்டு இளையது. அந்த மின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி. இன்றைய 50 சுழற்சிக்கான அயர்னை அதில் செருகினால் என்ன ஆகும் என்று நுட்பமான வாசகர் கேட்கக்கூடும். வோல்டேஜ் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சூடாகும் கம்பி வோல்டேஜைத்தான் பார்க்கும், சுழற்சியை எண்ணிக்கொண்டிருக்காது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் மின் அயர்னைத் தொழிற்சாலைச் சரக்காக்கியதே 1921-இல்தான் என்பதால், இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்கும் ஆர்வமும் அன்றைக்கு யாருக்கும் எழுந்திருக்காது.

இனிச் சுபக்கம். ரேடியோக் கடைக்காரர் ஈயம் என்று கொடுப்பதில் நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190-ஐ ஒட்டி முழுக்க உருகிவிடும் அந்தக் கம்பி பார்ப்பதற்குச் சாதுவானது. உருகிவிட்டால் அதன் குணம் வேறு. உருகிய வெள்ளீயம் செம்பைத் தின்னும். முலாம் இல்லாத செம்பு டிப் போட்ட அயர்னை நாலு வாரம் உழைக்க விட்டால் நுனியில் குழி விழும். அரத்தால் ராவினால் குழி போகும், கூடவே டிப்பும் போகும். இங்கிலாந்தின் மல்டிகோர் கம்பெனி இதற்கு ஒரு தந்திரம் செய்தது. ஈயத்திலேயே 1.5 சதவீதம் செம்பைக் கலந்து சாவ்பிட் என்ற பெயரில் விற்றது. ஏற்கெனவே செம்பு தின்று வயிறு நிறைந்த ஈயம் டிப்பின் மேல் வாய் வைக்காது என்பது கணக்கு. கணக்கு சரியாகவும் இருந்தது. ஆனால் நிலையான தீர்வு வேறு: உள்ளே செம்பு, அதன் மேல் இரும்பு முலாம், பக்கவாட்டில் ஈயம் ஏறாதபடி குரோமியம். செம்பு சூட்டைக் கொண்டுவருகிறது, இரும்பு ஈயத்தின் பல்லுக்கு ஈடு கொடுக்கிறது. இந்த முலாம் ஒரு மயிரிழை கனம்தான். ஒரே ஒரு முறை அரத்தைப் போட்டால் அத்தோடு தீர்ந்தது. நல்ல டிப்பைப் பழைய பழக்கத்தில் ராவிக் கொன்றுவிட்டு அயர்ன் சரியில்லை என்று புலம்புகிறவர்களால்தான் வாட் வாதம் இத்தனை காலம் உயிரோடிருக்கிறது.

தங்கத்தின் கதி செம்பைவிட மோசம். உருகிய ஈயத்தில் செம்பைக் காட்டிலும் பல மடங்கு வேகமாகக் கரைவது தங்கம். கரைந்த தங்கம் இணைப்பில் 3 சதவீதத்தை ஒட்டிப் போய்விட்டால், வெள்ளீயத்தோடு கூடி நொறுங்கும் சேர்மமாகி இணைப்பையே பலவீனமாக்கிவிடும். அதனால்தான் விண்வெளி, ராணுவ வேலைகளில் தங்க முலாம் பூசிய கால்களை ஒருமுறை ஈயத்தில் தோய்த்து, அந்தத் தங்கத்தைக் கழுவிவிட்ட பிறகே பற்றவைக்கிறார்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்த மண்ணுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் ஆய்வாளன் ஊர்ப்பற்றுக்கு இடம் கொடுக்கலாகாது. ஈயத்தின் முன்னால் தங்கம் நிற்காது, செம்பு கொஞ்ச நேரம் நிற்கும், இரும்புதான் நிலைத்து நிற்கும்.

டிப்பின் பெருமையை ஓர் இணைப்பில் வைத்துக் காட்டலாம். ரெசிஸ்டரின் ஒரு கால் போர்டின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு செம்பு வட்டம். ஈயம் பூசிப் பளபளக்கும் டிப் காலையும் வட்டத்தையும் ஒருசேரத் தொடுகிறது. ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக்கம்பியை நீட்டினால், ரோசின் புகை மெல்லிய இழையாக எழும். ஈயம் வட்டம் முழுக்கப் பரவி, காலின் மேல் சற்றே ஏறி, சரிவாக நின்று மினுங்கும். எல்லாம் 3 நொடிக்குள். அதே வேலையைக் கறுத்துப்போன டிப்பால் செய்தால் ஈயம் ஒட்டாமல் குண்டுமணியாக உருண்டு கீழே விழும். கை தானாகவே அழுத்தும். 8 நொடி, 10 நொடி ஆகும். அதற்குள் போர்டோடு செம்பை ஒட்டிய பசை விட்டுக்கொடுத்து வட்டம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். பழுப்பு நிற மலிவு போர்டில் இன்னும் சீக்கிரம். இரண்டு முறையும் வாட் ஒன்றுதான், அயர்ன் ஒன்றுதான். ஊசி போலக் கூரான டிப்பும் இதே வஞ்சகம் செய்யும். பார்க்க நுட்பமாக இருக்கும், ஆனால் தொடுகிற பரப்பு கடுகளவு. சூடு இறங்கவே இறங்காது. சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் உளி வடிவ டிப் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடியும். கடையில் கொடுக்கும் அயர்ன்களில் ஏனோ ஊசிதான் வருகிறது.

முனைதான் முக்கியம் என்ற இந்த உண்மையைத் தங்கவயல் பாறையிடமிருந்து என்றோ கற்றுக்கொண்டது. டங்ஸ்டன் கார்பைடு முனை வருவதற்கு முன்பு எஃகுத் துளைக்கோல் சில அடி பாறைக்குள் மழுங்கிவிடும். மழுங்கியதைப் பட்டறைக்கு அனுப்பி, உலையில் காய்ச்சித் தட்டிக் கூர் போட்டு மறுபடி இறக்குவது அந்தக் காலச் சுரங்கங்களின் அன்றாட வேலை. மெஷின் அப்படியே இருக்கும், முனைதான் போய் வந்துகொண்டிருக்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை வாட்?” அல்ல. “இதுக்கு டிப்பு தனியா கிடைக்குமாண்ணா?” என்பதே. கடைக்காரர் பெட்டியைத் துழாவி அதே விட்டத்தில் இன்னொரு டிப் எடுத்துக் காட்டினால் வாங்கலாம். “அதெல்லாம் புதுசே வாங்கிக்கலாம்” என்றால் நகர்ந்துவிடலாம். அரை மில்லிமீட்டர் தடித்தாலும் டிப் குழாய்க்குள் நுழையாது, மெலிந்தாலும் திருகு பிடிக்காமல் ஆடும், சூடு ஏறாது. ஆன்லைனில் உலகத்து டிப்பெல்லாம் கிடைக்கிறதே எனில், கிடைக்கிறது; சில பத்து ரூபாய் டிப்புக்கு அதைவிட அதிகமான அனுப்புச் செலவோடு. ஆண்டர்சன்பேட்டைக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிற ஒருவராவது தெருவில் இருப்பார். தேய்ந்த டிப்பை ஒரு காகிதத்தில் சுற்றி அவரிடம் கொடுத்து அங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் காட்டச் சொன்னால் மறுநாள் ஜோடி வந்துவிடும். மாதிரி கொடுக்காமல் வாயால் அளவு சொல்லி அனுப்புவதை இத்துறை அங்கீகரிக்கவில்லை.

அற்றேல், வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் இருக்க இந்த வெறும் கம்பிச்சுருளை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பாரும் உளர். இவர்கள் வாட் வாதிகளைவிட அறிவாளிகள். அதனால் மரியாதையோடுதான் மறுக்க வேண்டும். டிஸ்பிளேயில் 350 என்று எரிவது உள்ளே இருக்கும் சென்சாரின் சூடு. டிப் கறுத்திருந்தால் சென்சார் 350-இல் சுகமாக இருக்க, ஈயம் பாட்டுக்கு உருளும். ஸ்டேஷன் இல்லாமல் நுண்ணிய வேலை நடக்காது என்பதற்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தன. அந்தக் கருவிகளில் டிஜிட்டல் டிஸ்பிளே வைத்த ஸ்டேஷனால் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட இருந்திருக்காது. அப்போது அப்படியொரு பொருளே விற்பனையில் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 217 டிகிரிக்கு மேல் உருகும் காரீயமில்லா ஈயத்தில் வேலை செய்பவருக்கும், சூட்டை உறிஞ்சும் பெரிய செம்புப் பரப்புள்ள போர்டுகளைத் தினமும் தொடுபவருக்கும் ஸ்டேஷன் ஆடம்பரமல்ல. அவர்களும் 900எம் ரக டிப் ஏற்கும் ஸ்டேஷனாகப் பார்த்து வாங்கட்டும். அந்த டிப் ஏறக்குறைய எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் தொங்கும். ஆக, பரபக்கத்தார் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வந்து சேரும் இடமும் டிப்தான்.

ஸ்டேஷன் செய்வதில் ஒரு பகுதியை ஒன்றிரண்டு ரூபாயில் செய்யும் வழி பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இருந்தது. அயர்னுக்குப் போகும் ஒயரில் 1என்4007 டயோடு ஒன்றைத் தொடராகப் போட்டு, அதற்குக் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை அணைத்தால் மின்சாரம் பாதி அலையில்தான் ஓடும். 25 வாட் 12.5 ஆகிவிடும். டீ குடிக்கப் போகும்போது அணைத்துவிட்டுப் போனால் டிப் சும்மா வெந்து கறுக்காது, திரும்பி வந்து போட்டால் சீக்கிரம் சூடேறும். இதையெல்லாம் சொன்னால், கை பழகியவனுக்கு எந்த அயர்னும் ஒன்றுதான் என்று ஒரு மூத்த குரல் எழும். உண்மைதான், கை பழகியவர் ஒரு துண்டு ஈரப் பஞ்சும் கொஞ்சம் ரோசினும் வைத்துக்கொண்டு டிப்பை எப்போதும் பளபளவென்று வைத்திருப்பார், அதனால்தான் அவருக்கு எந்த அயர்னும் ஒன்று. மறுப்பாக வந்தவர் நம் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

எனவே ஆண்டர்சன்பேட்டைக்குப் பரிந்துரை: உதிரி டிப் உள்ளூரிலோ ரயில் தூரத்திலோ கிடைக்கும் சாதாரண 25 வாட் அயர்ன், அதோடு அப்போதே ஓர் உளி டிப், மிச்சக் காசில் ரோசின் உள்ளிட்ட நல்ல 60/40 ஈயம். முதல் முறை செருகும்போதே, டிப் சூடேறிவரும் அந்த நிமிடத்திலேயே, ஈயத்தைத் தொட்டுப் பூசிவிட வேண்டும். கறுத்த பிறகு கெஞ்சுவதில் பயனில்லை. ஸ்டாண்டைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. அதை அயர்னோடு வாங்குவதா, மேசைவிரிப்பில் பழுப்பு ஓட்டை விழுந்த பிறகு வாங்குவதா என்பது தனி ஆய்வுக்குரிய காலவரிசைச் சிக்கல். ஊர் வழக்கம் இரண்டாம் தரப்பின் பக்கமே சாய்கிறது.